மஞ்சள் பூசிய ஆயிரம் டாலர்

போன் அலறியது.

தி.நகர். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்து. மாடிப்படிக்குக் கீழே ஒரு பொட்டிக்கடை. பழைய காசு, பழைய நோட்டு வாங்கி விற்கிற கடை. கடைக்காரி நீரஜா, கண்ணில் வைத்த லென்ஸை எடுக்காமலேயே போனைக் காதில் வைத்தாள்.

"ஹலோ?"

"நீரஜாம்மா! நான்தான் தணிகாசலம். மயிலாப்பூரு!"

"சொல்லுங்க ஐயா. நோட்டு பத்திரமா இருக்கா?"

"பத்திரமாவா? ராஜா மாதிரி கீதும்மா! இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல... சாமி முன்னால வெச்சு, நாலு மூலைலயும் மஞ்ச கொழைச்சு பூசி, கற்பூரம் காட்டிட்டேன்!"

நீரஜா போட்ட கூச்சலில் எதிர்க்கடை ஜூஸ்காரர் மிக்ஸியை நிறுத்திவிட்டார்.

"ஐயோ!... மஞ்சளா? யாருய்யா உங்கள மஞ்ச வெக்கச் சொன்னது? தொடாதீங்க, மடிக்காதீங்க, கழுவாதீங்கன்னு எத்தன தடவ சொன்னேன்! மூணு லட்ச ரூபா போற நோட்டுய்யா அது! கறை பட்டா பாதி விலை போச்சு!"

"அட, முழுசா கேளும்மா. நான் இன்னா பண்ணேன்னா..."

"இதுக்கு மேல என்னத்த கேக்கறது? அத அப்படியே விடுங்க. நான் கிளம்பி வர்றேன்!"

"கத்தாதம்மா... ஸ்பீக்கர்ல போட்டுக்கீறேன். தெருவுக்கே கேக்குது!"

கிழவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார். பிறகு கதவு கிறீச்சிடும் சத்தம்.

"வா நைனா. இன்னா, இன்னிக்கு வேலைக்குப் போல?... ஏய்! அத்த எதுக்கு எடுக்கற? வை... வைடா கீழ!"

ணங்!

இரும்பு எதிலோ மோதிய சத்தம். கனமாக ஏதோ சரிந்தது.

"ஐயா?... ஐயா!"

யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டது...

அப்புறம் அதுவும் இல்லை.

* * *

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் கதை புரியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

தணிகாசலத்தின் அப்பா, கோபாலபுரத்தில் ஒரு அமெரிக்க துரை வீட்டுச் சமையல்காரர். துரை ஊருக்குக் கப்பலேறும்போது, ரசத்துக்கு நன்றி என்று ஒரு தாளைக் கையில் திணித்துவிட்டுப் போனார். குடும்பமே அதை ஏதோ படம் போட்ட சீட்டு என்று நினைத்து டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டது.

கிண்டியில் லேத் பட்டறையில் உழைத்து ஓய்ந்த தணிகாசலம், போன வாரம்தான் அதை நீரஜாவிடம் கொண்டு வந்தார்.

1934 வரிசை. ஆயிரம் டாலர்!

நீரஜா லென்ஸில் பார்த்தாள். தாளுக்குள் புதைந்த சிவப்பு, நீல நூலிழைகள். நகத்தால் வருடினாள். செதுக்கிய கோடுகள் விரலில் தட்டின. சந்தேகமே இல்லை. அசல்!

இப்போதும் செல்லும் நோட்டு. பேங்கில் கொடுத்தால் ஆயிரம் டாலர். சேகரிப்பவரிடம் கொடுத்தால் அதைப்போல மூன்று மடங்கு... தாள் கன்னி கழியாமல் இருந்தால்!

"வெளில யார்கிட்டயும் சொல்லாதீங்க ஐயா," என்றாள்.

சொன்னது யாரிடம்? தணிகாசலத்திடம்! குளத்தங்கரைப் பூக்காரி வரைக்கும் அன்று சாயங்காலத்துக்குள் செய்தி போய்விட்டது.

* * *

லஸ் சிக்னலில் ஆட்டோ மாட்டிக்கொண்டது. நீரஜா போய்ச் சேர்ந்தபோது வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

கூடத்தில் தணிகாசலம் கிடந்தார். பக்கத்தில் அவருடைய பழைய பட்டறை ஸ்பேனர். அதன் முனையில்... வேண்டாம். நீரஜா பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பூஜை அறையில் கற்பூரம் அணைந்திருந்தது. கிண்ணத்தில் குழைத்த மஞ்சள் இன்னும் ஈரமாகவே இருந்தது. அதன் முன்னால் மனைப்பலகை. பலகை காலி!

சுவரோரம், கையில் விலங்குடன் ஒரு இளைஞன். சட்டையெல்லாம் ரத்தம்.

பாலு. தணிகாசலத்தின் மாப்பிள்ளை. ஆட்டோ ஓட்டுகிறவன். ஆற்றோரக் குடிசையை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் துரத்தப்பட்ட குடும்பம்.

"சார், சத்தியமா நான் இல்ல சார்! ஷீலாவப் பாக்க வந்தேன். மாமா கீழ கெடந்தாரு. தூக்கி மடில போட்டுக்கினேன்... அவ்ளோதான் சார்!"

"நேத்து மாமனார் கூட சண்டை போட்டியா இல்லியா?" இன்ஸ்பெக்டர் மதிவாணன் மீசையைத் தடவினார்.

"நோட்ட வித்துட்டு சிட்டிலயே ஒரு ரூம் புடிக்கலாம்னு சொன்னேன். அவரு மாட்டேன்னாரு. அது ஒரு சண்டையா சார்?"

"கொலை விழுந்தா அதான் சண்டை. ஏறு ஜீப்புல!"

"சார்!"

நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஷீலா ஓடி வந்தாள். தலைப்பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கு வந்தவள். பூ வாங்கப் போன நேரத்தில் அப்பாவைத் தொலைத்தவள்.

"அப்பாவும் பூட்டாரு... இவரையும் இட்டுக்கினு போனா, பொறக்கப் போற கொழந்தைக்கு யாரு சார் கீறாங்க?"

மதிவாணன் ஒரு வினாடி தயங்கினார். பிறகு மாடிப்படி பக்கம் கை காட்டினார். "பாத்த சாட்சி இருக்கும்மா. நான் என்ன பண்ண?"

படியில் நின்றவன் ஸ்ரீஹரி. மாடியில் குடியிருப்பவன். பிரம்மச்சாரி. அடையாறில் வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் ஒரு கம்பெனியில் வேலை. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு," என்றான் மெதுவாக. "ஆனா கண்ணால பாத்தத மறைக்க முடியுமா? சத்தம் கேட்டுது. எட்டிப் பாத்தேன். பாலு ரத்தத்தோட நின்னுட்டு இருந்தான். உடனே போலீஸ கூப்பிட்டேன்."

நீரஜா முன்னால் வந்தாள். "இன்ஸ்பெக்டர், அவர் சாகும்போது என்கூடதான் பேசிட்டிருந்தார். உள்ள வந்தவன 'வா நைனா'ன்னார். வேலைக்குப் போலியான்னும் கேட்டார்."

"மாமா என்ன மாப்ளன்னுதான் கூப்புடுவாரு!" பாலு கத்தினான்.

"இந்தத் தெருவுல முக்காவாசி பேரு அவருக்கு நைனாதாம்மா. கோர்ட்ல இது நிக்காது. நோட்டு யார்கிட்ட இருக்குன்னு காட்டுங்க, அப்புறம் பாக்கலாம்."

"இவன சோதிச்சீங்களா?"

"சோதிச்சாச்சு. ஆட்டோவையும் பிரிச்சாச்சு. இல்ல."

"அப்போ பத்து நிமிஷம் குடுங்க."

நீரஜா கைப்பையிலிருந்து விரல் நீள டார்ச் ஒன்றை எடுத்தாள். ஊதா வெளிச்ச டார்ச். கள்ள நோட்டுப் பார்க்க எப்போதும் கூடவே வைத்திருப்பாள்.

"சார், கிண்ணத்துல மஞ்சள் இன்னும் காயல. அப்போ நோட்டுல இருந்ததும் ஈர மஞ்சள். எடுத்தவன் விரல்ல ஒட்டாம இருக்காது. எவ்ளோ தேய்ச்சாலும் நகக்கண்ணுல நிக்கும். இந்த வெளிச்சத்துல பளிச்னு எரியும்!"

"நடக்கற கதையா இது?"

"நடக்கலன்னா ஜீப் எங்க போகப் போகுது? வாசல்லதான நிக்குது!"

பூஜை அறைக்கு ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு. எல்லாரையும் உள்ளே அடைத்தார்கள்.

கிளிக்!

முதலில் பாலு. வலது கையை நீட்டினான்.

விரல் நுனிகள் ஐந்தும் பச்சை மஞ்சளாக எரிந்தன!

ஷீலா "ஐயோ!" என்று சுவரில் சாய்ந்தாள்.

"முடிஞ்சுது கதை," என்றார் மதிவாணன்.

"சார்! சார்! காலைல சாம்பார் இட்லி துன்னேன் சார்!"

"சாம்பாரா?" நீரஜா யோசித்தாள். சட்டென்று டார்ச்சைத் திருப்பினாள். "இன்ஸ்பெக்டர், உங்க கைய காட்டுங்க."

"என் கையா?"

"காட்டுங்க சார்."

இன்ஸ்பெக்டரின் வலது கையும் எரிந்தது!

"நானும் பொங்கல் சாம்பார்தான்..." மதிவாணன் இருமினார்.

"என்ன மேடம் விளையாட்டு இது?" இருட்டில் ஸ்ரீஹரியின் சிரிப்பு கேட்டது. "மெட்ராஸ்ல பாதிப் பேர் கை இப்படித்தான் எரியும். எல்லாரையும் தூக்குல போடுவீங்களா?"

அதுதான் நியாயம். நீரஜாவின் கை தளர்ந்தது. ஷீலாவின் விசும்பல் மட்டும் கேட்டது. ஒரு பெண் அழுவதை இருட்டில் கேட்பது போலக் கொடுமை வேறில்லை.

தளர்ந்த கையோடு டார்ச்சும் சரிந்தது. வெளிச்சம் பாலுவின் இன்னொரு கையில் விழுந்தது.

இடது கை. விலங்குக்குள் தொங்கிய கை.

இருட்டு! துளி மஞ்சள் இல்லை!

"இன்ஸ்பெக்டர்..." நீரஜாவின் குரல் மாறியிருந்தது. "உங்க இடது கை?"

இருட்டு.

"ஷீலா, நீ காட்டும்மா."

இரண்டு கையும் எரிந்தன. "காலைல மீன் கழுவி மஞ்ச தடவினேன்க்கா. வெள்ளிக்கிழமைல மீனான்னு அப்பா திட்டினாரு..." சொல்லும்போதே உடைந்தாள். "அப்பா செத்தப்ப நான் கோயிலாண்ட பூக்கடைல நின்னுக்கினு இருந்தேன்."

"தெரியும். பூக்காரியே வாசல்ல சொன்னா," என்றார் மதிவாணன்.

"மிஸ்டர் ஸ்ரீஹரி. நீங்க?"

"நானும் ஓட்டல் சாம்பார்தான் மேடம். வீட்ல அடுப்பே மூட்டறதில்ல." வலது கை நீண்டது. எரிந்தது.

"சரி. இன்னொரு கை?"

"எதுக்கு?"

"பேண்ட் பாக்கெட்லேர்ந்து வெளில எடுங்க."

மதிவாணன் அந்த மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். டார்ச் விழுந்தது.

கட்டைவிரல். ஆள்காட்டி விரல். நகத்தைச் சுற்றி நெருப்பு வளையம் போல எரிந்தன!

"நான்... நான் லெஃப்ட் ஹேண்டர்!"

"எழுதறதுக்கு, பந்து போடறதுக்கு சரி," என்றாள் நீரஜா. "நம்ம ஊர்ல எந்த அம்மா பிள்ளைய இடது கையால சோறு திங்க விட்டிருக்கா? முதுகுத் தோல உரிச்சிருப்பாளே! சமைக்கிற வழக்கமும் இல்லாத ஆளு நீங்க. இடது கைல மஞ்சள் எப்படி வந்துது?"

ஸ்ரீஹரி கதவை மோதித் திறந்துகொண்டு பாய்ந்தான்!

இரண்டு அடி கூடப் போகவில்லை. விலங்கு மாட்டிய பாலு காலை நீட்டினான். வெள்ளைச் சட்டை தரையில் குப்புற விழுந்தது.

"சவாரி எங்க நைனா?" என்றான் பாலு, பல்லைக் கடித்துக்கொண்டு.

* * *

மாடி. ஸ்ரீஹரியின் பாத்ரூம். கதவைத் திறந்த கான்ஸ்டபிள் அலறினார்.

"சார்! மக்குல ரத்தம்!"

தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது.

"ரத்தம் இல்லண்ணே." படியேறி வந்து மூச்சு வாங்கிய ஷீலா சொன்னாள். "மஞ்சளும் சோப்பும் சேந்தா செவக்கும். தாலிக் கயிறு துவைக்கறப்ப தெனம் பாக்கறதுதான்."

விலங்கு இப்போது கை மாறியிருந்தது. ஸ்ரீஹரி சுவரைப் பார்த்தபடி பேசினான்.

"வாசல்ல நின்னு கேட்டேன். ஸ்பீக்கர்ல இந்த அம்மா கத்தினாங்க... கறை பட்டா பாதி விலைன்னு. உள்ள போய் நோட்ட எடுத்தேன். கிழவர் வைடா கீழன்னார். ஸ்பேனர் மேஜை மேலயே இருந்துது. அப்புறம் மேல ஓடி வந்து... கறைய எடுத்துடலாம்னு..."

"கழுவக் கூடாதுன்னும் நான் கத்தினேனே, அது கேக்கலியா?"

நீரஜா மக்கிற்குள் கையை விட்டாள். கொஞ்சம் நிமிர்ந்தாள். புருவம் சுருங்கியது.

விரலோடு வந்தது நோட்டு இல்லை. கூழ்! ஊறின அப்பளம் மாதிரி பிய்ந்து தொங்கியது.

"அசல் டாலர் பருத்தித் தாள். துவைச்சாலும் இப்படிக் கரையாதே..."

டார்ச்சை அடித்தாள். அந்தக் கூழ் வெள்ளை நீலமாகப் பளபளத்தது. பழைய டாலர் தாள் இந்த வெளிச்சத்தில் மங்கிப் போகும். இப்படி மின்னுவது ஒன்றே ஒன்றுதான். ஜெராக்ஸ் கடைத் தாள்! தினம் டாலர் எண்ணுகிறவன், அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை.

நீரஜா பாத்ரூம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

'அட, முழுசா கேளும்மா. நான் இன்னா பண்ணேன்னா...'

அவள்தான் கேட்கவில்லை. அவர் ஒரு வாக்கியம் முடித்திருந்தால், வாசலில் நின்றவன் காதிலும் அது விழுந்திருக்கும். திரும்பிப் போயிருப்பான். கிழவர் உயிரோடு காபி குடித்துக்கொண்டிருப்பார்.

"ஷீலா..." நீரஜா நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா உன்கிட்ட ஏதாவது குடுத்தாரா? இருட்டா, ஈரம் படாத, மடங்காத எடத்துல வெக்கச் சொல்லி?"

ஷீலா கண்ணைத் துடைத்தாள். "நேத்து என் வளைகாப்பு ஆல்பத்துல கடைசிப் பக்கத்துல ஏதோ சொருகினாருக்கா. கொழந்தைக்கு காது குத்தறப்போ தொறந்து பாருன்னாரு."

ஆல்பம் வந்தது. கண்ணாடி வளையல், சந்தனம், சிரிக்கிற ஷீலா, பக்கத்தில் அசட்டு முகத்துடன் பாலு... கடைசிப் பக்கம்.

பிளாஸ்டிக் உறைக்குள், மடிப்பில்லாமல், கறையில்லாமல், ஆயிரம் டாலர்!

சொன்ன பேச்சை எழுத்துப் பிசகாமல் கேட்டிருந்தார் தணிகாசலம். அசலைத் தொடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமையும் விடக்கூடாதே! அதற்கு ஒரு நகல்.

பாலு ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குலுங்கினான். கீழே வெள்ளைத் துணி மூடிய உடலை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீஹரியின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"அப்போ... அப்போ நான் கழுவினது?"

நீரஜா டார்ச்சை அணைத்துக் கைப்பையில் போட்டாள்.

"முன் பக்கம், பின் பக்கம் சேத்து கலர் ஜெராக்ஸ் இருபது ரூபா. நீ போட்ட சோப்பு அதவிட விலை ஜாஸ்தி!"