உருளாத தண்டு

ரப்பரிலிருந்து மழைக்கோட்டு வரை எது கைக்கு வந்தாலும் முகர்ந்து பார்ப்பாள். அதனால் ஐந்தாம் வகுப்பில் அவளுக்குப் பெயர் மூக்கி.

பள்ளிச் சுவரோரம் காட்டுப் புதினா முளைத்திருந்ததைக் கண்டுபிடித்ததும் அந்த மூக்குதான். அறிவியல் டீச்சர் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு தண்டை விரல்களுக்கு நடுவே உருட்டிக் காட்டினார். அது உருளாமல் தடுக்கியது.

"நாலு மூலை தெரியுதா? இலையும் எதிரெதிரா ஜோடியா இருக்கு. வாசனையும் இருக்கு. இது சாப்பிடுற புதினாதான்."

மூக்கி அதை வேரும் மண்ணுமாகப் பெயர்த்தாள். அடியில் ஓட்டை போட்ட பிஸ்கட் டப்பாவில் நட்டு, வகுப்பு ஜன்னலில் வைத்தாள். இரண்டே மாதத்தில் செடி டப்பாவை மறைத்துவிட்டது.

அன்று பள்ளியில் ஓட்டப் பந்தயம். ஓடி வருகிறவர்களுக்கு எலுமிச்சைத் தண்ணீர். அதில் இரண்டு கைப்பிடி இலையை உருவிப் போட்டதும் மூக்கிதான்.

"அட, வாசனை தூக்குதே" என்றார் விளையாட்டு சார். மூக்கிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கீழே பந்தயம் தொடங்கியது. செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாடிக்குப் போனவள், இலை உருவிய மொட்டைத் தண்டு ஒன்றைச் சும்மா உருட்டிப் பார்த்தாள். தடுக்கியது. அடுத்ததை உருட்டினாள்.

அது பென்சில் மாதிரி வழுக்கிக்கொண்டு உருண்டது.

மூக்கி அதைக் கிள்ளி எடுத்தாள். முகர்ந்தாள். வெறும் பச்சை வாசனை. பெயர்த்த மண்ணோடு வேறு ஏதோ செடியும் வந்து, புதினாவோடு பின்னி வளர்ந்திருந்தது. அதன் இலையையும் சேர்த்துத்தான் உருவியிருக்கிறாள்.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கடைசிச் சுற்று. எல்லோருக்கும் முன்னால் அவளுடைய தம்பி ஓடிக்கொண்டிருந்தான்.

தண்டைப் பிடித்தபடி படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினாள்.

"சார், தண்ணியைக் கொடுக்காதீங்க. அதுல வேற செடி கலந்திருக்கு."

"என்ன செடி?"

"தெரியல சார்."

"தெரியலையா? சரி, சீக்கிரம் பொறுக்கி எடு. பசங்க வந்துட்டாங்க."

மூக்கி ஒரு கரண்டி இலையை அள்ளினாள். தண்டு இல்லாத இலைகள். ஒன்றை முகர்ந்தாள், புதினா. இன்னொன்றை முகர்ந்தாள், அதுவும் புதினா. எல்லாம் ஒன்றாக ஊறியதில் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனை. அத்தனை பெருமைப்பட்ட மூக்கு இப்போது கைவிட்டுவிட்டது.

"பிரிக்க முடியல சார்."

அதற்குள் தம்பி டம்ளரை முக்கிவிட்டான். மூக்கி அவன் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள்.

"விடுக்கா. தொண்டை காயுது. நான்தான் முதல்ல வந்தேன்."

"குடிக்காதடா."

"ஏன்? நீ போட்ட இலைதானே?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். மூக்கிக்குக் காது சுட்டது.

"நான்தான் தப்பாப் போட்டேன்" என்றாள். டம்ளரைப் பிடுங்கிக் கொட்டினாள். பிறகு பாத்திரத்தையே இரண்டு கையாலும் சாய்த்தாள். எலுமிச்சைத் தண்ணீர் சாரின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது.

"போச்சு" என்றான் ஒருவன். சார் குனிந்து செருப்பை உதறினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

மூக்கி வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். மூன்று நடை சுமந்து எல்லோருக்கும் வெறும் தண்ணீர் ஊற்றினாள். முதல் டம்ளர் தம்பிக்கு. அவன் முறைத்துக்கொண்டே குடித்தான்.

அறிவியல் டீச்சர் உருண்ட தண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புத்தகத்தைப் புரட்டினார். "எனக்கும் இது என்னன்னு தெரியலம்மா" என்று மூடி வைத்தார்.

சாயங்காலம் மூக்கி டப்பாவைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு தண்டாக உருட்டி, தடுக்கியதை மட்டும் முகர்ந்து பார்த்து மறுபடி நட்டாள். மண்ணும் புதுசு.

ஒரு மாதம் கழித்து அடுத்த பந்தயம். மூக்கி தயங்கித் தயங்கிப் போய், சாரிடம் ஒரு கொத்தை நீட்டினாள். இந்த முறை இலைகள் தண்டோடு இருந்தன.

சார் கொத்தை வாங்கினார். ஒவ்வொரு தண்டாக எடுத்து விரலில் உருட்டினார். ஒன்றுகூட உருளவில்லை. பிறகு கொத்தையே மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி இழுத்தார்.

"அக்கா" என்று தம்பி அவள் காதைக் கடித்தான். "இனிமே நம்ம ஸ்கூல்ல ரெண்டு மூக்கி."