பின்னர் சரிசெய்யவும்

மதியம் ஒரு மணிச் சங்கு ஊதியதும் தூத்துக்குடி படுத்துக்கொண்டது. கடைக்காரர்கள் பாதி அளந்த சாமானைத் தராசிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்ச் சாய்ந்தார்கள். பேருந்துகள் நின்ற இடத்தில் நின்றன. ஓட்டுநரும் பயணிகளும் தலைப்பட்டையை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார்கள். இனி இரண்டரை மணி வரைக்கும் ஊரில் வெயிலும் நாய்களும்தான். இதற்குக் கட்டு நேரம் என்று பெயர்.

முன்பெல்லாம் ஓர் ஆளுக்கு ஓர் உடம்பு போதுமாக இருந்ததாம். இப்போது வேலைக்குத் தகுந்தபடி இரண்டோ மூன்றோ. தரையில் பிறந்த சதை உடம்பு, கடலடிச் சுரங்கத்தில் ஓர் இயந்திர உடம்பு, நிலவுக் கிடங்கில் இன்னொன்று. மூன்றும் தனித்தனியே ஒரு நாளை வாழ்ந்து முடிக்கும். கட்டு நேரத்தில் மூன்று நாள்களையும் ஒன்றாகக் கோத்து, ஒரே ஆளாக்கி, மூன்று உடம்புக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தக் கோக்கிற வேலை நடக்கிற இடம் கட்டகம். ஊரே தூங்கும்போது விழித்திருந்து அதைக் காவல் காக்கிற இருவரில் ஒருத்தி ஜெபக்கனி.

பலகையில் நாற்பதாயிரம் பெயர்களும் பச்சையாக இருந்தன, ஒன்றைத் தவிர. ரொசாரி மச்சாது. தரை பச்சை, நிலவு பச்சை, கடல் சிவப்பு. இன்றோடு பதினொரு நாள். பன்னிரண்டாம் நாளும் கட்டு தவறினால் அந்தக் கிளையை வெட்டிவிட வேண்டும் என்பது விதி. வெட்டுவது என்றால் என்னவென்று யாரும் விளக்கமாகச் சொல்வதில்லை. கடலடியில் ஓர் உடம்பு அணைந்துபோகும், அவ்வளவுதான்.

"இன்னும் அந்த மச்சாதுவையா நோண்டிட்டு இருக்க?" என்றார் கோயில்பிள்ளை. கட்டு வேலை பார்க்கிறவர்களுக்குக் கட்டர் என்று பெயர்; அவர்தான் தலைமைக் கட்டர். "பொம்மையைச் சொருகிப் பச்சையாக்கிரு. நாளைக்கும் செவப்புன்னா நாளைக்கும் வடை நீதான் வாங்கணும்."

பலகையில் சிவப்போடு தன் வேலை முறையை அடுத்தவரிடம் ஒப்படைக்கிறவர் எல்லோருக்கும் வடை வாங்கித் தர வேண்டும் என்பது கட்டகத்து வழக்கம். விளையாட்டாக ஆரம்பித்தது, இப்போது மானப் பிரச்சினை. வடைக்குப் பயந்து கட்டர்கள் செய்திருக்கிற காரியங்களை எழுதினால் நான்கு புத்தகம் தேறும். அதில் முதன்மையானது பொம்மை. கடல் உடம்புக்கு மூக்கு கிடையாது. மல்லிகை வாசனை உள்ள ஒரு நாளை அதற்கு அனுப்பினால் கட்டு முட்டிக்கொண்டு நிற்கும். அந்த இடத்தில் ஒரு வெற்று நிரலைச் சொருகுவார்கள். வாசனை எங்கே என்று கேட்டால் அது 'ஒன்றுமில்லை' என்று பதில் சொல்லும். கட்டு நகர்ந்துவிடும்.

"இல்ல அண்ணாச்சி, இது வேற மாதிரி இருக்கு" என்றாள் ஜெபக்கனி.

வழக்கமாகச் செய்கிறதை எல்லாம் அவள் செய்து பார்த்துவிட்டாள். பழைய கட்டுகளின் மிச்சம் தங்குகிற இடைத்தேக்கத்தை வழித்துத் துடைத்துவிட்டு முதலிலிருந்து கட்டினாள், சிவப்பு. மூன்று உடம்பிலும் உள்ள நிரல்களின் பதிப்பு எண்களை வரிசையாக ஒப்பிட்டாள், சிவப்பு. பன்னிரண்டு நாளுக்கு முன் ரொசாரியின் கடல் உடம்பு பாறை விழுந்து நசுங்கியிருந்தது. ஏழு வருடமாகக் கிடங்கில் கிடந்த மாற்று உடம்பை இறக்கியிருந்தார்கள், உள்ளே இருந்த பழைய நகலோடு. கோளாறு அங்கேதான் என்பது வரைக்கும் தெரிந்தது.

பார்வையாளர் அறையில் ரொசாரியின் மனைவி லூசியா கட்டிலில் படுத்திருந்தாள். தலைப்பட்டையை மாட்டிக்கொள்ளும் முன் அவள் சொன்னது ஜெபக்கனியின் காதை விட்டுப் போகவில்லை.

"கடல்லேருந்து தெனமும் பேசுதாருக்கா. ஒரே கேள்விதான். பெர்ப்பெத்துவ மறந்துட்டியான்னு கேக்காரு. யாரு அதுன்னு கேட்டா அழுதாரு. எங்களுக்குப் புள்ளையே கெடையாது. தரையில இருக்க மனுசன்கிட்டக் கேட்டா அவருக்கும் தெரியல. அந்த மிசினுக்குள்ள இருக்கதும் எம்புருசன்தானக்கா. வெட்டிராதீக."

ஜெபக்கனி சோதனைப் பதிவைக் கடைசி வரி வரைக்கும் விரித்தாள். இத்தனை நாளாக அவள் தேடியது கடலில் என்ன குறைகிறது என்று. பதிவு சொன்னதோ வேறு. கடலில் ஒன்று கூடுதலாக இருந்தது. கடல் ரொசாரியின் நினைவுக்குள் ஓர் ஆள் இருந்தாள். மற்ற இரண்டு ரொசாரிகளிலும் அந்த இடம் காலி.

பெர்ப்பெத்து. வயது ஒன்பது. உறவு: மகள்.

அந்தப் பெயர் எந்த நிரலைக் கூப்பிடுகிறது என்று பார்த்தாள். துயரம். கடல் உடம்பின் பழைய நிரல் நூலகத்தில் அது ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நீண்டது. எல்லா ஊருக்கும் போகிற பொது நூலகத்தில் ஒரே வரிதான் இருந்தது: 'ஒன்றுமில்லை'. அதன் மேல் ஒரு குறிப்பு. 'தற்காலிகம். பின்னர் சரிசெய்யவும்.' ஆறு வருடத்துக்கு முந்தைய தேதி. கீழே அவளுடைய பெயர்.

தேதியை மறுபடி படித்தாள். அந்த நாள் மங்கலாக நினைவுக்கு வந்தது. நிலவு உடம்புக்கு அழத் தெரியாது. யாரோ ஒருவருடைய துயரம் அங்கே முட்டிக்கொண்டு வரிசை முழுவதும் தேங்கிவிட்டது. முறை முடியக் கால் மணி நேரம்தான் இருந்தது. ஒரு பொம்மையைச் சொருகினாள், பலகை பச்சையானது. நிலவுக் கோப்பில் சொருக வேண்டியதை அவசரத்தில் பொதுவில் சொருகியிருந்தாள். மறுநாள் சரிசெய்யலாம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். பச்சையாக இருக்கிறதை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. கட்டின் கடைசியில் துப்புரவு நிரல் ஒன்று ஓடும். எதோடும் ஒட்டாமல் கிடக்கிற நினைவுகளை அது பெருக்கித் தள்ளிவிடும். உயிரோடு இருக்கிறவர்களை அன்றாடப் பேச்சும் சண்டையும் பிடித்து வைத்திருக்கின்றன. இறந்தவர்களைப் பிடித்து வைத்திருந்தது துயரம் ஒன்றுதான். அது 'ஒன்றுமில்லை' என்று சொல்லத் தொடங்கியதும் ஒவ்வொரு மதியமும் அவர்கள் பெருக்கப்பட்டார்கள். ஆறு வருடமாக, கரையோரம் முழுக்க.

அவள் தலையைத் தூக்கி அறையைப் பார்த்தாள். மூன்று நாற்காலிகள் இருந்தன. மூன்றாவதன் முதுகில் யாருடையதோ ஒரு துண்டு கிடந்தது. அது எப்போதும் அங்கே கிடப்பதுதான். யாருடையது என்று ஒருநாளும் அவளுக்குத் தோன்றியதில்லை.

"அண்ணாச்சி, இங்க வாங்க."

கோயில்பிள்ளை குனிந்து படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"கடலுக்கும் பொம்மையைப் போட்டுரு. பச்சையாயிரும். அந்தாளும் நிம்மதியா இருப்பாரு."

"போட்டா அந்தப் புள்ளைய நெனைக்க ஒலகத்துல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க அண்ணாச்சி. போடலன்னா நாளைக்கு அவரையே வெட்டுவீங்க. ரெண்டும் ஒண்ணுதான்."

"அப்ப என்ன செய்யப் போற?"

"பொம்மையை எடுக்கப் போறேன். பெருக்குனதெல்லாம் கட்டகத்துக் கிடங்குலதான் கெடக்கு, எதையும் அழிக்கல. இன்னைக்குக் கட்டுலயே திருப்பி அனுப்பிரலாம்."

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு? ஆறு வருசத்துச் சாவு. எல்லாத்தையும் ஒரே நேரத்துல எந்திரிச்சு எப்படித் தாங்குவாங்க?"

அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டரைக்கு இன்னும் முப்பது நிமிடம். பொம்மையை அது இருக்க வேண்டிய நிலவுக் கோப்புக்கு மாற்றிவிட்டு, கடலின் பழைய துயர நிரலைப் பொது நூலகத்துக்குள் ஏற்றினாள். பலகை முழுவதும் ஒரு கணம் சிவந்தது, பிறகு வரிசை வரிசையாக மறுபடி பச்சையாகத் தொடங்கியது.

கோயில்பிள்ளை தன் பெயரைத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஓர் எண் இருந்தது. திரும்ப வர வேண்டியவர்கள்: நான்கு.

"ஏட்டி ஜெபா," குரல் வேறு மாதிரி வந்தது. "எம்பேருக்கு மட்டும் அந்தப் பொம்மை இருக்கட்டுமே."

"பொது நூலகம் அண்ணாச்சி. எல்லாருக்கும் ஒண்ணுதான்."

கட்டர்களுக்குக் கட்டு, ஊர் எழுந்த பிறகு நடக்கும். அவர் செருப்பை மாட்டினார். தலைப்பட்டை பக்கம் போகாமல் வெளி வாசலைப் பார்த்து நடந்தார். நான்கு பேரும் வாசலில் காத்து நிற்பதுபோல நிலைப்படியில் ஒரு கணம் தயங்கினார். பிறகு இறங்கிப் போய்விட்டார்.

இரண்டரைக்குச் சங்கு ஊதியது. ரொசாரி மச்சாதுவின் மூன்று கட்டங்களும் பச்சையாக இருந்தன. ஊரில் சத்தமே இல்லை. வழக்கமாக இந்நேரம் கடைக் கதவுகள் திறக்கும், பேருந்துகள் உறுமும். எழுந்தவர்கள் எல்லோரும் எழுந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அமைதி அவ்வளவு நீளமாக இருந்தது. பிறகு எங்கோ ஒரு வீட்டில் ஒரு குரல் கிளம்பியது. அடுத்த வீட்டில் இன்னொன்று. தெருத் தெருவாக அது பரவி வருவதை ஜெபக்கனி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கேட்டாள். அது மழை வருவதுபோலத் தூரத்திலிருந்து நெருங்கியது.

ஜெபக்கனி பார்வையாளர் அறைக்குப் போனபோது லூசியா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். முகம் நனைந்திருந்தது.

"காய்ச்சல்ல போனாக்கா. நாலே நாளு. அவ போட்டோ எங்க வீட்டு அலமாரியில இருக்கு. முன்னால குடியிருந்தவங்க விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சிட்டேன். பொடவை எடுக்கையில எல்லாம் தூசி தட்டி வச்சிருக்கேன். ஆறு வருசமா எம்புள்ளைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தல நான்."

"நான்தான் செஞ்சேன்" என்றாள் ஜெபக்கனி. "நீங்க என்னைய என்ன செஞ்சாலும் சரி."

லூசியா அவளை வெகுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கட்டிலருகே மேசைத் திரையில் திறந்துகிடந்த ஜெபக்கனியின் பதிவை எட்டிப் படித்தாள். திரும்ப வர வேண்டியவர்கள்: இரண்டு. பெயர்கள் இல்லை.

"யாருக்கா அது?"

"தெரியல."

ஜெபக்கனி அந்த எண்ணையே பார்த்தாள். வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். எப்போதும் அப்படித்தான் என்று நினைத்திருந்தாள். கணவன் என்று யாராவது இருந்தானா? பிள்ளையா? அம்மா எங்கே? அம்மா என்று ஒருத்தி இருந்திருக்க வேண்டும் என்பதே இப்போதுதான் உறைத்தது. கோயில்பிள்ளை போன வாசல் திறந்தே கிடந்தது. அவளும் போகலாம்.

லூசியா எழுந்து கட்டிலில் இடம் விட்டாள். தன் சூடு இன்னும் ஆறாத தலைப்பட்டையை எடுத்து நீட்டினாள்.

"படுங்க" என்றாள். "எந்திரிக்கையில நான் இருக்கேன்."

ஜெபக்கனி படுத்துக் கண்ணை மூடினாள்.