குருத்தில்லாத கிழங்கு

பேச்சித்தாய் பிளந்து காட்டிய பனங்கிழங்கில் நடுக்குருத்து இல்லை. மேலே போய் ஓலையாக விரிய வேண்டிய அந்த மஞ்சள் குருத்து இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மாவு, அடிவரைக்கும் மாவு.

"எடுத்து எறியுத வேலை மிச்சம் அண்ணாச்சி," என்றாள்.

"உன் மருமவனுக்குக் குடுளா. அவனுக்கும் உள்ள ஒண்ணும் கிடையாது," என்றான் பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த வேல்ராஜ்.

செல்லப்பாண்டி சிரிக்கவில்லை. துறைமுகப் பக்கத்துப் புதுக்கோட்டைக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுக் கைவிட்ட அந்தப் பெரும்பள்ளத்தைக் கல்பொடியால் நிரப்பி, மேலே மூன்றடிக்குச் சிவந்த தேரி மண் பரப்பி, புரட்டாசியில் நாலாயிரம் பனங்கொட்டை ஊன்றிய சூப்பர்வைசர் அவன். செத்த நிலத்தில் மறுபடி பச்சை பிடிக்க வைப்பது வேலை. மாசி பிறந்தும் ஓர் ஓலைகூட வெளியே தலை நீட்டாததால்தான் இருபது கொட்டையைத் தோண்டிப் பார்க்கச் சொன்னான். எல்லாம் தடித்து, நேராக, கீழே மட்டும் போயிருந்தன.

தோண்டிய கிழங்கை எறிய யாருக்கு மனம் வரும்? மஞ்சளும் உப்பும் போட்டு அங்கேயே அவித்து நாலு வேலையாட்களும் தின்றார்கள். ஆவியில் கிழங்கு வாசம் இல்லை. மழை நனைத்த சுண்ணாம்புச் சுவரின் வாசம் அடித்தது. கடைவாய்ப் பல்வலியால் செல்லப்பாண்டி தொடவில்லை. ஆறு கிழங்கை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனான். இரண்டு கலைந்து, கல்யாணமான ஒன்பதாம் வருஷத்தில் மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. மனைவி ரம்யாவுக்கு இது எட்டாம் மாதம். ஆறையும் அவளே தின்றாள்.

அது திங்கட்கிழமை. வியாழக்கிழமை காலையில் நாலு பேரும் வெறுங்காலோடு வந்தார்கள்.

"செருப்பு எங்க?"

"மண்ணு காலுக்கு இதமா இருக்கு அண்ணாச்சி," என்றாள் பேச்சித்தாய். அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

பன்னிரண்டரைக்குக் கொட்டகையில் சோற்றைப் பிரித்துவைத்துக் காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. வெளியே எட்டிப் பார்த்தபோது, துறைமுகப் பக்கமிருந்து நிலக்கரித் தூசியும் உப்பும் கலந்து வீசிய காற்று சட்டென்று நின்றுபோயிருக்க, வெயிலில் கொதித்த பள்ளத்தின் நடுவே நாலு பேரும் தோண்டிய குழிகளுக்குள் இறங்கி, கையைத் தொங்கப்போட்டு, காலடியில் நிழல்கூட விழாமல் நின்றார்கள். கூப்பிட்டான். யாரும் திரும்பவில்லை. பக்கத்தில் போகப்போக, மண்ணுக்கடியில் கயிறு முறுக்கேறுவது போன்ற நெறிசல் கேட்டது.

குழிக்குள் முழங்கால் வரை மண். வெட்டாத, இறுகிய மண்.

வேல்ராஜின் அக்குளுக்குள் கைகொடுத்துத் தூக்கினான். கீழேயிருந்து எதுவோ திருப்பி இழுத்தது.

"இழுக்காதிய அண்ணாச்சி," என்றான் வேல்ராஜ் அமைதியாக. "அறுந்துரும்."

ஆறு கிழங்கு. ஆறையும் அவளே.

போனை எடுத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பைக்கை முறுக்கினான். பத்து நிமிடம். வழி நெடுக அதே சுண்ணாம்பு வாசம்.

வாசல் கதவு திறந்திருந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

"ரம்யா."

"இங்கனதான் இருக்கேன்."

பின்வாசல். துவைகல்லுக்குப் பக்கத்து ஈர மண். முழங்கால் வரை அதில் நின்றாள். சேலை தளர்ந்து கிடந்தது. வயிறு ஒட்டியிருந்தது.

ரத்தம் இல்லை. ஒரு சொட்டும் இல்லை.

"சத்தம் போடாதிய," என்றாள். "இப்பந்தான் மவ இறங்குனா."

அவள் காலைச் சுற்றி மண் வட்டமாக மேடு தட்டியிருந்தது. மேடு தாழ்ந்தது. எழுந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்னக் குதிகால் மண்ணை உதைத்துப் புடைத்தது. அடுத்த உதை இன்னும் ஆழத்தில்.