மேஜையில் மிஞ்சும் ஜோடி

பெட்டியைத் திறந்து எடுத்தபோது இயர்போன் வெதுவெதுப்பாக இருந்தது.

யாரோ இப்போதுதான் காதிலிருந்து உருவிப் போட்டது போன்ற சூடு. வெளியே மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. வாசல்படியில் குவிந்த பனியை வாரிக் கொட்டிவிட்டுக் கிர்சி உள்ளே வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மரத்துப்போன கைக்கு எதைத் தொட்டாலும் சூடாகத்தான் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு, எதற்கும் இருக்கட்டுமென்று, பக்கத்திலிருந்த மவுஸைத் தொட்டுப் பார்த்தாள். அது ஜில்லென்று இருந்தது.

அந்த இயர்போனை வேறு யாரும் போட முடியாது. ஓலு நகரத்துக்குப் போய், இரண்டு காதுக்குள்ளும் பசையை ஊற்றி, அது இறுகியதும் உருவி, அந்த அச்சிலேயே வார்த்து வாங்கியது. அவள் காதின் வளைவும் மடிப்பும் அப்படியே அதில் இருந்தன. அவள் கணவன் எஸ்கோ ஒருமுறை விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, காது வலிக்கிறதென்று அரைநாள் புலம்பியிருக்கிறான்.

பின்லாந்தின் வடகோடியில், கெமியார்வி என்ற ஊரில், ஏரியைப் பார்த்த அந்த வீட்டின் பின்னறைதான் பதினோரு வருடமாக அவளுடைய பிழைப்பு. சுவரெல்லாம் பழைய கம்பளியைத் தொங்கவிட்டு, மைக்கின் முன் உட்கார்ந்து நாவல்களை வாசித்துப் பதிவுசெய்து அனுப்புவாள். ஊர்ப்பட்ட பெண்கள் அந்தக் குரலைக் கேட்டபடி காலுறை பின்னுவார்கள். அவளிடம் இருந்ததே இரண்டு காதும் ஒரு தொண்டையும்தான், அதில் காதைத்தான் இப்போது பதிப்பகத்தில் எல்லோரும் சந்தேகப்பட ஆரம்பித்திருந்தார்கள்.

போன் அடித்தது. ஹெல்சிங்கியிலிருந்து பிர்யோ, பதிப்பகத்தில் அவளுடைய பதிவுகளைச் சரிபார்ப்பவள்.

"எட்டாம் அத்தியாயம் திரும்பி வருது, கிர்சி."

"மறுபடியுமா?"

"மூச்சுச் சத்தம். ரெண்டு வாக்கியத்துக்கு நடுவுல இருந்தா நானே வெட்டிப் போட்டிருப்பேன். இது நீ வாசிச்சுக்கிட்டு இருக்கும்போதே கேக்குது. எஸ்கோவைப் பக்கத்துல உக்கார வெச்சுக்கிட்டா வாசிக்கிறே?"

"அவன் காலையில அஞ்சு மணிக்கே பனி தள்ளுற வண்டியை எடுத்துட்டுப் போயிடுறான்."

"அப்ப அந்தக் காதுக்குள்ள செருகுற எழவைத் தூக்கி எறி. அதைப் போட்டா காது அடைச்சுக்கும், உன் மூச்சு உனக்கே பெருசாக் கேக்கும். பதிவுல இருக்குறது எது, உன் மூக்குல இருக்குறது எதுன்னு எப்படித் தெரியும்? பெரிய ஹெட்போனைப் போட்டு வேலை பாரு." பிர்யோ குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நாலு மணிக்குள்ள சுத்தமா வரலேன்னா புத்தகத்தை வேற குரலுக்குக் குடுத்துருவாங்க. இதுக்கு மேல என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

கிர்சிக்கு முகம் சுருங்கிப்போனது. பிர்யோ சொன்னது சரிதான். மூன்று வாரமாக அந்த மூச்சு அவளுக்கும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. இயர்போன் போட்டிருக்கிறோம், நம் மூச்சுதான் என்று விட்டுவிட்டாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம்.

இயர்போனைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, ஆணியில் தொங்கிய பெரிய ஹெட்போனை எடுத்து மாட்டினாள். அதன் இரண்டு கிண்ணங்களுக்கும் முதுகுப்பக்கம் கம்பிவலைதான், மூடி கிடையாது. அதனால் உள்ளே ஓடும் சத்தம் வெளியே கசியும். உன் ஹெட்போன் வீட்டுக்கே கதை சொல்கிறது என்று எஸ்கோ கேலி செய்வான். எட்டாம் அத்தியாயத்தை ஓடவிட்டாள். படகு கரைக்கு வருகிற இடம். அவளுடைய குரல் நிதானமாக வாக்கியத்தை இழுத்துக்கொண்டு போக, அதன் அடியிலேயே, யாரோ மூக்கால் மெல்ல உள்ளிழுக்கும் சத்தம். பேசிக்கொண்டே மூச்சை உள்ளே இழுக்க ஒருத்தராலும் முடியாது. இழுத்து, அடக்கி, விட்டது. அடுத்து என்ன நடக்கிறதென்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர்கள் விடும் மூச்சு.

உடனே எஸ்கோவுக்குப் போன் போட்டாள்.

"உண்மையைச் சொல்லு. நான் வாசிக்கும்போது வீட்டுக்குள்ள வந்துட்டுப் போறியா?"

"எதுக்கு? உன் கதை கேக்கவா?" வண்டியின் இரைச்சலுக்கு மேல் கத்தினான். "நான் சாலா ரோட்டுல இருக்கேன். முன்னாடி ஒரு கலைமான் நின்னுக்கிட்டு நகர மாட்டேங்குது, உன்னை மாதிரியே."

"என் இயர்போனை எடுத்தியா?"

"அது என் சுண்டுவிரலுக்கே பத்தாது. என்னாச்சு உனக்கு? காபி குடிச்சியா?"

பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டது. அவன் ரோட்டில்தான் இருந்தான். அவன்மேல் சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது, ஆனால் சந்தேகம் போகவில்லை, போவதற்கு இடம் தெரியாமல் அறைக்குள்ளேயே நின்றது.

போனை வைத்துவிட்டு, ஹெட்போனைக் கழற்றாமலே ஒரு பத்தியைப் புதிதாக வாசித்துப் பதிவுசெய்தாள். ஓடவிட்டுக் கேட்டாள். மூச்சு இருந்தது. முன்பைவிடக் கிட்டத்தில். எரிச்சலோடு நாற்காலியில் சாய்ந்தவளின் தோளில் ஏதோ இடித்தது.

இயர்போன். மேஜைமேல் பெட்டியில் போட்டு மூடியது இப்போது நாற்காலியின் முதுகில் தொங்கியது. தொட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

மணி இரண்டு. டிசம்பரில் அந்த ஊருக்குப் பகல் என்பது பெயருக்குத்தான். அதற்குள் ஜன்னல் கறுத்துப்போய், கண்ணாடியில் விளக்கும் கம்பளிச் சுவரும் அவள் முகமும் மட்டும் தெரிந்தன. கதவு தாழிட்டிருக்கிறதா என்று போய்ப் பார்த்தாள். தாழிட்டிருந்தது. வாசல்படியில் அவளுடைய பூட்ஸ் தடம் மட்டும் இருந்தது. நீராவிக் குளியலுக்கான சவுனா அறை, அலமாரி, கட்டிலுக்கு அடி, எல்லாவற்றையும் பார்த்தாள். அவளைத் தவிர யாருமில்லை. இந்த வீட்டைவிட்டு ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடினால் புத்தகம் போய்விடும், அதன் பின்னால் மற்ற புத்தகங்களும் போகும், பிறகு இந்த ஊரில் அவள் என்னதான் செய்வாள்?

திரும்பி வந்து ஹெட்போனை ஆணியில் மாட்டினாள். இயர்போனைக் காதுக்குள் அழுத்திச் செருகினாள். உலகம் சட்டென்று அடைத்துக்கொண்டது. தன் இதயம், தன் எச்சில் இறங்கும் சத்தம். இன்னொரு பத்தி பதிவு. ஓடவிட்டாள். தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

மூச்சு இருந்தது.

மெதுவாகத் திரும்பினாள். ஹெட்போன் ஆணியில்தான் தொங்கியது. ஆனால் அதன் வளையம் விரிந்திருந்தது, ஒரு தலையின் அகலத்துக்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. எழுந்துபோய்க் காதுமெத்தையில் விரல் வைத்தாள். சூடு. லேசான ஈரம்.

அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. அவள் எதைப் போட்டுக்கொள்கிறாளோ, அது பிரச்சினை இல்லை. மிச்சம் வைக்கிற ஜோடியை அது போட்டுக்கொள்கிறது. அவளோடு உட்கார்ந்து கதை கேட்கிறது. மூன்று வாரமாக எதை எடுப்பது, எதை விடுவது என்று அவள் யோசித்ததெல்லாம், அதற்கு எதைக் கொடுப்பது என்று யோசித்ததுதான்.

இதற்கு ஒரே வழிதான் இருந்தது. இயர்போனைக் கழற்றாமலே, அதன் மேல் பெரிய ஹெட்போனையும் மாட்டிக்கொண்டாள். இனி அதற்கு எதுவும் மிச்சமில்லை.

மைக்கின் முன் உட்கார்ந்து எட்டாம் அத்தியாயத்தை முதலிலிருந்து வாசித்தாள். தொண்டை நடுங்கவில்லை. பதினோரு வருடப் பழக்கம் கைகொடுத்தது. நாற்பது நிமிடம் கழித்து நிறுத்தியபோது முதுகு முழுக்க வியர்த்திருந்தது.

கேட்டுப் பார்க்க வேண்டும். கணினியிலிருந்து இயர்போன் கம்பியைப் பிடுங்கிவிட்டு, ஹெட்போன் கம்பியைச் செருகினாள். காதில் ஒன்று அடைத்திருக்க, அதையும் தாண்டிக் கேட்கவேண்டுமே என்று சத்தத்தைக் கடைசிவரை ஏற்றினாள். கதையில் படகு கரைக்கு வந்தது. மூச்சு இல்லை. பெண் கதவைத் தட்டினாள். மூச்சு இல்லை. சுத்தம். அழுகையே வந்துவிட்டது அவளுக்கு. புத்தகம் தப்பியது. மூன்று மணி நாற்பது. ஒரு கையால் பதிவைப் பிர்யோவுக்கு அனுப்பினாள்.

குரல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. உரக்க. வலைவழியாக அறை முழுக்கக் கசிந்தபடி.

இடது கிண்ணம் அழுந்தியது.

லேசாக. பிறகு கொஞ்சம் கூடுதலாக. தலை வலப்பக்கம் சாய்ந்தது, அவள் சாய்க்கவில்லை. கழுத்தில் ஏதோ பட்டது. முடி. அவளுடைய முடி கொண்டையில் இருந்தது.

நிறுத்து என்று விரலுக்குச் சொன்னாள். விரல் அசையவில்லை.

கண் மட்டும் அசைந்தது. ஜன்னலுக்கு.

கறுத்த கண்ணாடியில் விளக்கு. கம்பளிச் சுவர். பேருந்தின் கடைசி சீட்டில் ஒரே இயர்போனைப் பங்குபோட்டுப் பாட்டுக் கேட்கும் இரண்டு பள்ளிப் பெண்களைப் போல, கன்னத்தோடு கன்னம் ஒட்டி, இரண்டு தலைகள். ஒன்று அவளுடையது. மற்றது கண்ணை மூடிக்கொண்டு, கம்பிவலைமேல் காதை அழுத்தி, கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது.