மள்ளிகை வச்ச நால்

கோமு மதியத் தூக்கம் கலைந்து எழுவதற்குள் படம் ஓடியாக வேண்டும். புதுக் கணினியோ படத்தின் முன்பாதி முழுவதையும் சிவப்புக் கட்டங்களாகக் காட்டிக்கொண்டிருந்தது. எல்லாக் கட்டத்திலும் ஒரே சொல்: காணோம்.

வெயிலில் மின்சாரம் எடுக்கும் ஒளித்தகடுகளைக் கழுவும் வேலைக்குப் போன பலருக்கும் வந்த நோய்தான் அவளுக்கும் வந்தது. வெயில் மண்டைக்குள் இறங்கிச் சுட்டுவிட்டுப் போகும். சுடுமறதி என்று பேர். பேச்சு மறக்காது, கைவேலை மறக்காது. ஆட்கள்தான் ஒவ்வொரு தூக்கத்தோடும் அழிந்துபோவார்கள், தான் யார் என்பதும் சேர்ந்து. அதனால் அந்தக் குடியிருப்பில் வீட்டுக்கு வீடு நாட்படம் உண்டு. நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் காட்சிப்பொட்டு, பார்த்ததையெல்லாம் பதிந்து வைக்கும். வீட்டார் அதில் வேண்டியதை வெட்டி ஒட்டிச் சின்னப் படமாக்கி, நோயாளி கண் விழித்ததும் காட்டுவார்கள். நீ யார், பக்கத்தில் நிற்கிறவன் யார் என்று படம் சொல்லும். அப்புறம்தான் காப்பித்தண்ணி.

அவள் புருசன் மாடக்கண்ணுவின் பழைய கணினி சூடு தாங்காமல் கருகி நின்றுபோனது. கேட்பதற்கு முன்னாலேயே தொழிலாளர் சங்கத்தார் புதிது ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நன்றி சொல்ல வாய் வராமல், வந்த ஆட்களுக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அந்த நல்ல கணினிதான் இப்படிச் சிவந்து கிடந்தது.

உதவி மையத்தில் ஜெபராணி என்ற பெண் பேசினாள்.

"அண்ணாச்சி, பழைய சேமிப்பு அட்டைய ஒழுங்காச் சொருகியிருக்கீங்களா?"

"கழத்திக் கழத்தி மாட்டிட்டேம்மா. தேஞ்சே போச்சு."

"படத்த வெட்டி ஒட்டுற தொகுப்பியப் புதுப்பிச்சீங்களா?"

"அதுவாப் புதுப்பிச்சிக்கிடுச்சு. என்னய ஒரு வார்த்த கேக்கல."

அவள் தன் இருப்பிடத்திலிருந்தே கணினிக்குள் புகுந்து பார்த்தாள். நோய் வந்த பிறகு எடுத்த காட்சிகள் எல்லாம் ஓடின. அதற்கு முந்தியவைதான் ஓடவில்லை. கல்யாணம், குடி வந்தது, சேர்ந்து வேலைக்குப் போனது, எதுவும் இல்லை. மீந்தது ஒரு கட்டில், கட்டிலில் கோமு, கஞ்சி ஊட்டும் ஓர் ஆள். இதை மட்டும் பார்த்தால் அவள் அவரை ஆஸ்பத்திரிச் சிப்பந்தி என்றுதான் நினைப்பாள்.

"அண்ணாச்சி, இந்தப் பேரெல்லாம் நீங்க வச்சதா?"

முதல் கட்டத்தின் அடியில் எழுதியிருந்தது: கோமு தலையில் மல்லிகை வைத்த நாள்.

மாடக்கண்ணு கண்ணை இடுக்கிப் பார்த்தார். "நான் வச்ச பேருதான். ஆனா இம்புட்டு அழகா நான் எங்க எழுதுனேன்?"

"அதான் பாத்தேன்," என்றாள் ஜெபராணி.

புதுக் கணினியில் பிழைநீக்கி என்று ஒன்று இருந்தது. அட்டையிலிருந்து காட்சிகளை இறக்கும்போதே தப்பாக எழுதிய பெயர்களையெல்லாம் திருத்திவிட்டது. பழையதை எங்கும் மிச்சம் வைக்கவுமில்லை. நினைவுப் பதிவுகளுக்கோ பெயர்தான் சாவி. வைத்தவர் வைத்தபடி, எழுத்துக்கு எழுத்து அடித்தால்தான் திறக்கும்.

"பிழைநீக்கிய அணச்சிட்டேன். இனி பழைய தப்ப அப்படியே அடிங்க, தெறந்துக்கிடும்."

கேட்கச் சுளுவாக இருந்தது. மாடக்கண்ணு விரலை வைத்தார். விரல் சரியாகவே எழுதியது.

அவரும் கோமுவும் தலை நரைக்க ஆரம்பித்த பிறகுதான் சங்கத்தின் சாயங்கால எழுத்து வகுப்பில் சேர்ந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே பலகை. அவள் எழுதுவதை எட்டிப் பார்த்து அவர் எழுதுவார். அவள் தப்பும் அவருக்கு வந்து சேர்ந்தது. அந்த எழுத்தில்தான் அந்தக் காட்சிகளுக்குப் பெயர் வைத்தார். அவளுக்கு நோய் வந்த பின் தனியாகவே வகுப்புக்குப் போய், லகரம் மூன்றையும் பிரித்துக் கற்றுக்கொண்டார். இப்போது தப்பாக எழுத வேண்டும் என்றால் எந்த இடத்தில் எந்தத் தப்பு என்று தெரியவில்லை. ஒரு தரம் 'தழை' என்று அடித்தார், ஒரு தரம் 'மல்ளிகை' என்று. இன்னொரு தரம் தவறினால் இன்றைக்குத் திறக்க மாட்டேன் என்றது தொகுப்பி.

கூடவே கேட்டது: காணாத காட்சிகளை நானே நிரப்பட்டுமா?

மாதிரி ஒன்றைக் காட்டியது. குளிர்சாதன மண்டபம். பட்டுச் சேலையில் கோமுவைப் போல ஒருத்தி. பக்கத்தில் முடி நிறைந்த வெள்ளை வேட்டி மாப்பிள்ளை. மாப்பிள்ளை நன்றாகத்தான் இருந்தார். மாடக்கண்ணுதான் அதில் இல்லை.

"அமுக்கிருங்க அண்ணாச்சி," என்றாள் ஜெபராணி. "நெறைய வீட்டுல அதான் ஓடுது. அவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமேம்மா."

ஜெபராணி இணைப்பைத் துண்டிக்கவில்லை.

பின்னால் கட்டில் கிறீச்சிட்டது. கோமு எழுந்து, சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க யாரு?"

இத்தனை நாளில் படம் இல்லாமல் அவள் கண்ணுக்கு முன்னால் அவர் நின்றதில்லை. கணினியின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மெசின் பாக்க வந்தவரா?" என்று அவளே கேட்டாள்.

"ஆமா தாயி," என்றார்.

அந்தப் பொய்யைச் சொன்ன பிறகுதான் அவருக்கு அது தோன்றியது. கை மறக்காது. அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்து, பென்சிலோடு அவளிடம் நீட்டினார். "ஒரு ஒத்தாச பண்ணணும். நான் சொல்லுதத எழுதிக் குடுங்க."

"எனக்கு எழுதத் தெரியுமா?"

"கைக்குத் தெரியும்."

அவர் சொன்னார். அவள் உதட்டை மடித்துக்கொண்டு எழுதினாள். கோமு தளையில மள்ளிகை வச்ச நால்.

ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்து அடித்தார். சிவப்பு மறைந்தது. ஒரு கை, ஒரு பெண்ணின் கூந்தலில் பூவைக் கோணலாகச் செருகிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணுவுக்கு அந்த 'ள'வையும் 'நால்' என்பதையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

"அடுத்தது சொல்லுங்க," என்றாள் கோமு. அவளுக்கு ருசி கண்டுவிட்டது. ஒன்று எழுதுவாள், திறந்ததும் வந்து எட்டிப் பார்ப்பாள். "யாரு இவ? கல்யாண வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கா." கொஞ்ச நேரத்தில் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். "நானா இது?"

"ஆமா."

படத்தில் பூ வைத்த கையின் பெருவிரல் நகம் கறுத்திருந்தது. அவள் விசைப்பலகை மேல் இருந்த கையைப் பார்த்தாள்.

"மெசின் பாக்க வந்தவருன்னீங்க."

"மெசினும் பாத்தேன்."

அவள் சிரித்த சிரிப்பு ஜெபராணி வரைக்கும் கேட்டிருக்கும். அங்கிருந்து மூக்கு உறிஞ்சும் சத்தம் வந்தது. "சரி அண்ணாச்சி, எல்லாம் ஓடுது, வைக்கட்டா?"

"நல்லா இரும்மா," என்றார் மாடக்கண்ணு.

படத்தைச் சேமிக்கும்போது தொகுப்பி நின்றது. காட்சிப்பொட்டை இன்னும் புதுக் கணினியோடு இணைக்கவில்லை. இன்று மதியம் முழுவதும் பதியவே இல்லை. யாரும் சொல்லாமலே அவள் அவரைக் கண்டுபிடித்த நேரம் எங்கும் இல்லை. தூங்கி எழுந்தால் அவளிடமும் இருக்காது. நிரப்பட்டுமா என்றது கணினி. அவர் விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது.

"வேண்டாம்," என்றாள் கோமு. "கறுப்பாவே கெடக்கட்டும். நாளைக்கு நான் கேப்பேன்லா, வாயால சொல்லுங்க."

மறுநாள் படம் ஓடியது. கடைசியில் திரை கறுத்தது. கோமு திரும்பி, "இங்க என்ன நடந்துச்சு?" என்று கேட்டாள்.

மாடக்கண்ணு தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ முழிச்சே. நான் கொஞ்சங்கூடக் கலங்கல. நேரா ஒன் முன்னால வந்து, பயப்படாத கோமு, நான்தான் ஒன் புருசன்னு சொன்னேன்." சொல்லச் சொல்ல அவருக்கே இனித்தது. அந்த வெள்ளை வேட்டி மாப்பிள்ளை அவர் வாய்க்குள் வந்து உட்கார்ந்துகொண்டு பேசினார்.

கோமு கேட்டுக்கொண்டே அவர் கையைப் பார்த்தாள். "நெசமாவா?"

அவர் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"இல்ல. பயந்துபோயி, மெசின் பாக்க வந்தவன்னு பொய் சொன்னேன். நீ என்னய அண்ணாச்சின்னு கூப்பிட்ட."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு முக்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்பச் சொல்லுங்க, மொதல்லருந்து."