முழு டேங்க்

பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர்களையும் கழற்றி ஓரமாக வைத்த பிறகும் பெட்ரோல் மீட்டரின் முள் உச்சியிலேயே நின்றது. நேற்று வரைக்கும் காலி என்று காட்டிய முள். பழைய மீட்டர், எங்கேயாவது துரு கடித்திருக்கும் என்று மெக்கானிக் தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கண்ணாடியைத் தட்டினான். முள் விழுந்தது. சற்று நேரம் கழித்துத்தான் விழுந்தது.

கொட்டகைக்கு வெளியே மாலையின் மூடுபனி இறங்கி எதிர்க்கரையை முழுங்கியிருந்தது; தூணில் கட்டிய கயிறு இழுபட்டு முனகுவதும், படகின் அடியில் தண்ணீர் சளப் சளப்பென்று மோதுவதும், ஊறிய பலகையும் பழைய பெட்ரோலும் கலந்த வாடையும் கொட்டகைக்குள் நிறைந்திருந்தன. படிக்கட்டில் அக்கா உட்கார்ந்திருந்தாள். மாமாவின் மழைக்கோட்டைப் போட்டிருந்தாள்.

“முடிஞ்சிடுமாடா?”

“முடிஞ்சிடும்கா. நீ வீட்டுக்குப் போயேன்.”

“வீட்டுல என்ன இருக்கு? எஞ்சினைப் போட்டுப் பாத்துட்டுத்தான் போவேன். விடிஞ்சதும் நானே அவரைத் தேடக் கிளம்பணும்.” கோட்டின் கையை மடித்துவிட்டாள். “முள்ளை ரெண்டு தட்டுத் தட்டிப் பாக்காம அவர் படகை எடுக்கவே மாட்டாரு. அன்னிக்கு நீ பாத்துக் குடுத்தது நல்லாத்தானே இருந்துச்சு?”

“நல்லாத்தான்கா இருந்துச்சு.”

வாய் கூசவில்லை. அதுதான் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

ஆறு வாரத்துக்கு முன்னால் நடந்தது. டேங்கிலிருந்து வரும் ஒயரை எர்த்தோடு சேர்த்தால் இந்த மீட்டர் முழுசாகக் காட்டும். காட்டினால் மீட்டரில் குறையில்லை, டேங்குக்குள் தொங்கும் மிதவைதான் பழுது. ஒரு கிளிப்பை மாட்டிச் சோதித்தான். முள் எகிறியது. அதற்குள் வேறு வேலைக்குக் கூப்பிட்டார்கள், கிளிப்பை எடுக்காமலே ஓடினான். மத்தியானம் படகை எடுக்கும்போது மாமா போனில் சிரித்தார். “முழு டேங்க் காட்டுதேடா! ஒருவழியா தொழில் கத்துக்கிட்ட போல.” கிளிப் அப்போதே ஞாபகம் வந்துவிட்டது. சொன்னால் வருஷம் பூராவும் கிண்டலடிப்பாரே என்று வெட்கம். டேங்கில் எப்படியும் கொஞ்சம் இருக்கும், திரும்பிவிடுவார் என்று நினைத்தான்.

பதினோராம் நாள் படகு மட்டும் ஒதுங்கியது. டேங்கில் சொட்டு இல்லை. முதல் ஆளாக ஏறிக் கிளிப்பைப் பிடுங்கித் தண்ணீரில் எறிந்தவன் அவன்தான்.

இப்போது பின்பக்கம் குனிந்து, டேங்கின் மேல் இருந்த வட்ட மூடியின் ஐந்து திருகுகளைக் கழற்றினான். பழைய மிதவை பிணம்போல் கனத்தது. புதியதைக் கையில் வைத்து, பேட்டரியைச் சேர்த்து, மிதவையை மேலே தூக்கினான். முன்னால் முள் ஏறியது. இறக்கினான், இறங்கியது. டேங்குக்குள் விட்டு மூடியை முடுக்கினான். டேங்க் வறண்டு கிடந்ததால் முள் காலியில் போய் நின்றது. ஆறு வாரமாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது.

டொக். டொக்.

அவன் நிமிர்ந்தான். ஸ்டியரிங் பக்கம் யாரும் இல்லை. அக்கா படிக்கட்டில்தான் இருந்தாள்.

முள் ஏறிக்கொண்டிருந்தது. கால். அரை. முக்கால். முழுசு.

ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். கிளிப் இல்லை. வெட்டு இல்லை. எல்லாம் சரியாக இருந்தது. அப்படியென்றால் மீட்டர் பொய் சொல்லவில்லை. மிதவை மேலேதான் இருக்கிறது.

வறண்ட டேங்கில்.

மறுபடி ஐந்து திருகுகளையும் கழற்றினான். மூடியை இழுத்தான். ஓர் அங்குலம் வந்தது. அதற்கு மேல் வரவில்லை. உள்ளிருந்து ஏதோ பிடித்திருந்தது. அந்த இடுக்கில் டார்ச்சை வைத்தான்.

இரண்டு விரல்கள். வெளுத்து, ஊறி, உப்பியவை. மிதவையை அடியிலிருந்து தாங்கி, உயர்த்திப் பிடித்திருந்தன. ஒன்றில் அக்கா போட்டுவிட்ட மோதிரம், சதைக்குள் புதைந்திருந்தது.

படகு ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா ஏறிவிட்டாள்.

“அட, முழுசா இருக்கே! எப்படா ஊத்தின?” ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து சாவியைத் தொட்டாள். “நம்பி எடுக்கலாம்ல?”

ஒரு வார்த்தை போதும். காலி. ஆனால் அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். அவன் வாயைத் திறந்தான். நாக்கு எழவில்லை.

அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

குழாயில் மிச்சமிருந்த கொஞ்சத்தில் எஞ்சின் உறுமியது. “அக்கா! டேங்க் காலி! அன்னிக்கு நான்தான்கா…” அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. தூணில் கயிறு இல்லை. அவிழ்த்தது யார்? கொட்டகை பின்னால் போனது. படிக்கட்டு போனது. பிறகு கரையே இல்லை, எந்தப் பக்கமும் வெள்ளை.

எஞ்சின் இருமியது. நின்றது.

அக்கா குழம்பிப்போய் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழுசு. மாமா செய்வதுபோலவே விரலை மடக்கிக் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டினாள்.

அவன் கையடியில், டேங்குக்குள்ளிருந்து, இரண்டு தட்டுக் கேட்டது.