சரக்கறையில் இருந்த ஆள்

மதியம் மூன்று மணிக்கு முதலாளி சரக்கறை அலமாரியைத் திறந்தார். தங்க ரேக் வைத்திருந்த பெட்டி காலி.

படச்சட்டம் செய்து, அதன் மேல் தங்க ரேக் ஒட்டித் தரும் பட்டறை அது. ரேக் என்பது காகிதத்தைவிட மெல்லியதாகத் தட்டிய தங்கம். சின்னச் சின்னப் புத்தகங்களாக, தாளுக்கு நடுவே வைத்து வரும். பெரிய வேலை ஒன்றுக்காக முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தது.

நான்கு மணிக்கு ஆய்வாளர் அம்மா வந்தபோது, திருடியைப் பிடித்து உட்காரவே வைத்திருந்தார்கள். போலீசுக்கு வேலை மிச்சம் வைக்காத குடும்பம்!

பட்டறையைப் பெருக்கும் அக்கா ஒரு ஸ்டூலில் குனிந்த தலையோடு இருந்தாள். திருடி என்ற பெயரோடு வெளியே போனால், அந்தத் தெருவில் வேறு எந்தக் கதவும் அவளுக்குத் திறக்காது.

"இவங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?"

முதலாளியின் மகள் சரக்கறைச் சுவரில் இருந்த வெள்ளைப் பெட்டியைக் காட்டினாள். அவள் பொறியாளர். பெட்டி அவள் செய்தது.

"கேமரா வேண்டாம்னு அப்பா சொல்லிட்டார். அதனால இது. ரூமுக்குள்ள ரேடியோ அலையை அனுப்பும். யாராவது அசைஞ்சா அலை மாறும். ஆள் இருக்கா இல்லையான்னு சொல்லிடும். யாருன்னு சொல்லாது."

"இன்னிக்கு என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணு பத்துக்கு ஒரு ஆள் உள்ள வந்தாச்சு. ரெண்டு மணி வரைக்கும் உள்ளயேதான். ஒண்ணேகால்லயே நான், அப்பா, மாமா மூணு பேரும் ஹோட்டலுக்குக் கிளம்பிட்டோம். இங்க இருந்தது அக்கா மட்டும்தான்."

மாமா என்றால் முதலாளி மனைவியின் தம்பி. மரத்தை இழைப்பது முதலாளி, ரேக் ஒட்டுவது மைத்துனர். முதலாளிக்குக் காய்த்துப்போன கை. பட்டாலே ரேக் கிழியும் என்று அந்தப் பக்கமே போகமாட்டார்.

"ஏம்மா, உள்ள போனீங்களா?"

"போனேம்மா. ரெண்டு மணிக்குத்தான். ஃபேன் நின்னு கிடந்துச்சு, போட்டேன். பெருக்கிட்டு வந்துட்டேன்."

"பாத்தீங்களா, போனேன்னு அவளே ஒத்துக்கிறா!" என்றார் முதலாளி.

மைத்துனர் உச்சுக் கொட்டினார். "பாவம் அத்தான், பொருளைக் குடுத்துட்டா விட்டுடலாம்."

ஆய்வாளர் சரக்கறைக்குள் போனார். எல்லாரும் பின்னால் வந்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"இதை அணைக்கிறதே இல்லையா?"

"இல்லீங்க. ஈரம் ஏறினா மரம் கெட்டுடும்," என்றார் முதலாளி.

"இதுவும் அசையுதே. உங்க பெட்டி இதையும் ஆள்னு நினைக்காதா?"

யாராவது கேட்கமாட்டார்களா என்று மகள் காத்திருந்த கேள்வி. முகம் மலர்ந்துவிட்டது.

"முதல்ல அப்படித்தான் உயிரை வாங்குச்சு. அப்புறம் யாரும் இல்லாதப்ப ஃபேனோட அலையை மட்டும் பதிவு பண்ணினேன். வர்ற அலையில இருந்து அதை எப்பவும் கழிச்சிடும். அன்னியிலருந்து ஒரு தப்பு கிடையாது."

"காய்கறிக் கடையில கூடையோட எடையைக் கழிச்சு வைக்கிற மாதிரி?"

"அதேதான்."

"அப்போ கூடையை எடுத்துட்டா, தராசு என்ன காட்டும்?"

மகள் மடிக்கணினியைத் திறந்து அன்றைய பதிவைத் தேடினாள்.

ஒன்று பத்துக்கு அலை தாறுமாறாகக் குதித்திருந்தது. மூன்று நிமிடத்தில் அது அடங்கி, இரண்டு மணி வரை ஒரே சீராக ஓடியது.

"மனுஷன் இவ்ளோ நேரம் இப்படி அச்சடிச்ச மாதிரி அசைவானா?" என்றார் ஆய்வாளர்.

"இது ஆளே இல்ல," என்றாள் மகள். "ஃபேன் நின்னிருக்கு. ஓடாத ஃபேனைப் பெட்டி கழிச்சிருக்கு. அந்தக் கழிச்ச அலையே ஆளாத் தெரிஞ்சிருக்கு. ஐயோ, அக்காவை நான்..."

"திருட வந்தவன் எதுக்குங்க ஃபேனை அணைக்கணும்?" என்றார் முதலாளி.

ஆய்வாளர் வெளியே போனார். ஒட்டும் மேசையில் மிச்சம் கிடந்த ரேக் புத்தகத்தை எடுத்து வந்து, மைத்துனரிடம் நீட்டினார்.

"இது அசல்தானா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

மைத்துனர் வலது கையில் வாங்கினார். இடது கை தானாகக் கதவோரம் போய் சுவிட்சைத் தட்டியது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது. அதன் பிறகே அவர் கட்டைவிரல் அட்டையைத் தொட்டது. அங்கேயே நின்றும்விட்டது.

"காத்துல ரேக் பறந்துரும். அதனால உங்க கை முதல்ல சுவிட்சுக்குத்தான் போகும்," என்றார் ஆய்வாளர். "மதியமும் எடுக்கிறதுக்கு முன்னாடி அசலான்னு திறந்து பாத்தீங்க. மூணே நிமிஷம். கிளம்புற அவசரத்துல ஃபேனைப் போட மறந்துட்டீங்க. அத்தான் ரேக்கைத் தொடமாட்டார். அவரோட மகள், மரத்துக்காகவும் தன்னோட பெட்டிக்காகவும் ஃபேனை அணைக்கமாட்டாங்க. இந்த அம்மா நின்ன ஃபேனைப் போட்டவங்க."

மைத்துனர் புத்தகத்தை மெதுவாக அலமாரியில் வைத்தார்.

"வண்டி சீட்டுக்கு அடியில இருக்கு. எத்தனை வருஷம் அத்தான் நிழல்லயே நிக்கிறது? தனியாக் கடை போடலாம்னு..."

"கேட்டிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேனேடா," என்றார் முதலாளி. அவர் கண் கலங்கிவிட்டது.

மற்றவர்கள் வண்டியைப் பார்க்க வெளியே போனார்கள். மகள், ஸ்டூலுக்குத் திரும்பியிருந்த அக்கா அருகே வந்து நின்றாள்.

"அக்கா, பெட்டி தப்பாச் சொல்லிடுச்சு."

"பெட்டி என்ன பண்ணும் கண்ணு? ஃபேன் நின்னு கிடந்துச்சுன்னு நான் வாயைத் திறந்து சொன்னேன். நீங்க எல்லாரும் பெட்டியைத்தான் கேட்டீங்க."

மகள் கையில் இருந்த மடிக்கணினியைப் பார்த்தாள். கணினித் திரையில் இன்னமும் சரக்கறைக்குள் ஓர் ஆள் இருந்தான்.

அக்கா உள்ளே போய் ஃபேனைப் போட்டுவிட்டு வந்தாள். திரையில் இருந்த ஆள் போய்விட்டான்.